ஏசிக்காரர் வண்டியில் வெக்கை

குணசேகரனுக்கு ஊருக்குள் இரண்டு பெயர். ரேஷன் கார்டில் குணசேகரன். மற்ற எல்லா இடத்திலும் ஏசிக்காரர். அன்னவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, "ஏசிக்காரர் வீட்டுக்கு எங்கிட்டுப் போகணும்?" என்று கேட்டால், ஆடு மேய்க்கிற ஆள்கூடக் கையிலிருக்கும் கம்பை நீட்டி வழி காட்டிவிடும்.

இந்தப் பெயரை அவர் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நமக்குப் பாவம் வரும். சார்ஜாவுக்குப் போய்விட்டு முதல் லீவில் வந்தபோது, "ஏசி கம்பெனியில வேல" என்றார். அது சத்தியமான வார்த்தை. கம்பெனி ஏசி கம்பெனிதான். பெரிய பெரிய கட்டடங்களுக்குள் குளிர்காற்று போகிற தகரக் குழாய்களின் மேல் கண்ணாடிப் பஞ்சைச் சுற்றி, அதன் மேல் வெள்ளித்தாள் ஒட்டுவது அவர் வேலை. போன நாள் முதல் திரும்பிய நாள் வரைக்கும் பஞ்சுதான் சுற்றினார். அந்தக் குழாய்க்குள் காற்று எங்கிருந்து வருகிறது, எப்படிக் குளிர்கிறது என்று அவரும் கேட்டதில்லை, மலையாளத்து மேஸ்திரியும் சொன்னதில்லை.

ஊர்தான் கேட்டது. எந்த வீட்டில் பிரிட்ஜ் நின்றாலும் ஆள் அனுப்பியது. அவர் போவார், பெட்டியின் பின்பக்கம் காதை வைப்பார், கண்ணை மூடுவார், "கேஸ் எறங்கிருக்கு. கம்பெனிக்காரனக் கூப்பிடுங்க" என்பார். பாதித் தடவை கேஸ்தான் இறங்கியிருக்கும். மீதித் தடவை கம்பெனிக்காரனுக்குக் கெட்ட பெயர் வரும்.

மனைவி செவந்திக்கு மட்டும் உண்மை தெரியும். முதல் லீவில், கையும் கழுத்தும் அரிப்பெடுத்துப் புரண்டு கிடந்த மனுஷன் தோலிலிருந்து அந்தப் பஞ்சு நாரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டவள் அவள். வெளியில் ஒரு வார்த்தை விட்டதில்லை. வீட்டுக்குள் விடாமல் இருந்ததும் இல்லை.

ஊரோடு வந்து சேர்ந்தபின் குணசேகரன் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். பழைய கார்தான், ஆனால் ஏசி ஐஸ்கட்டியாக வந்தது. வாங்கிய நாளிலிருந்து அதன் கண்ணாடி முழுசாக இறங்கிப் பார்த்தவர் யாருமில்லை. வழியில் யாராவது கை காட்டினால் விரலளவு இறக்குவார். "சொல்லுங்க, குளுரு வெளிய போகுது" என்பார். சொல்ல வந்தவருக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும்.

அந்தச் சித்திரையில் நம் பக்கத்து ரோடெல்லாம் உளுந்து கிடந்தது. செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து நெற்றை உடைத்துக் கொடுத்துவிடும், சம்சாரி ஓரமாக நின்று கூட்டி அள்ளினால் போதும். நாகராசு டீக்கடை வாசலில் குணசேகரன் இதைப்பற்றி ஒரு நாள் பிரசங்கமே வைத்தார்.

"ரோடு என்ன ஒங்க அப்பன் வீட்டுக் களமா? சார்ஜாவுல இப்புடிப் போட்டா அந்த எடத்துலயே புடிச்சு உள்ள வச்சுருவான்."

"அங்க உளுந்து வெளையுதாண்ணே?" என்று நாகராசு டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"வெளஞ்சாலும் போட மாட்டான். அது நாடு. என் வண்டிய நான் ஒரு நாளும் இது மேல ஏத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

சொன்ன வாரத்திலேயே அவர் வீட்டு உளுந்து காய்ந்து நின்றது. டிராக்டர்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். மேற்கே மேகம் கூடியது.

"மழை விழுந்தா அம்புட்டும் போச்சு," என்றாள் செவந்தி. "சும்மா நிக்கிற காருதான, ரெண்டு ஓட்டு ஓட்டிவிடுங்க."

"இது காருடீ, கடகட வண்டி இல்ல."

"டயரு இருக்குல்ல?"

டயர் இருந்தது. டிராக்டர் வாடகையும் மிச்சம். ஊர் சாப்பிட்டுப் படுத்திருந்த உச்சி வெயிலில், ஊருக்கு வெளியே புளியமரத்து வளைவில் செடியைப் பரப்பினார்கள். குணசேகரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னுமாக உளுந்தின் மேல் ஊர்ந்தார். வெளியே தூசிக்குள் செவந்தி கம்பு கொண்டு செடியைப் புரட்டிப் போட்டாள். உள்ளே அவருக்குச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்கிற அளவுக்குக் குளிர். அப்புறம் பானெட்டின் மேலேயே சாக்கை வைத்து அவள் தூற்றியும் முடித்தாள். மழையும் வரவில்லை, எவரும் பார்க்கவுமில்லை. வீட்டுக்கு வந்து காரைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டார்கள். குணசேகரன் அந்த மத்தியானத்தையே மனசிலிருந்து துடைத்துப் போட்டுவிட்டார். அதில் அவர் கெட்டிக்காரர்.

இந்த இடத்தில் அவருடைய சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள் ஹரிணியைக் குளத்தூர்ப் பக்கம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா உடையப்பன் நிலபுலன் உள்ளவர். ரோட்டோரமாக ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, வாயில் வெற்றிலையோடு, சபை நடுவில் சொல்லிவிட்டார்: "மண்டபத்துக்கு ஏசி போடணும்னு ரோசனையா இருந்தேன். அந்தத் தொழில்ல கரை கண்டவரே சம்பந்தியா வந்துட்டாரு. எனக்கென்ன கவல?"

அப்போதே குணசேகரன் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அத்தனை முகமும் மரியாதையாகத் தன் பக்கம் திரும்பும்போது உள்ளதைச் சொல்லுகிற வாய் அவருக்கு அமையவில்லை. சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பை ஒப்புதல் என்று உடையப்பன் எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்த உடையப்பன் போன் பண்ணினார். "வர்ற ஞாயித்துக்கெழம நார்த்தாமல மாரியம்மனுக்கு மொதப் பத்திரிக்கைய வச்சுருவோம் சம்பந்தி. நாங்க ரெண்டு பேரு, நீங்க ரெண்டு பேரு. ஒங்க வண்டியிலயே போயிருவோம். என் வண்டியில ஏசி என்னமோ மாத்தி வச்சானுக, அதுலேருந்து மனசுக்குப் புடிக்கல. ஒங்க வண்டின்னா கேக்கணுமா?"

"தாராளமா வாங்க," என்றார் குணசேகரன்.

மறுநாள் அன்னவாசல் கடைவீதியில் கார் நின்றபோது முகத்தில் வெந்நீர் ஆவி மாதிரி ஒன்று அடித்தது. ஏசியிலிருந்துதான் அடித்தது.

பொத்தானைத் திருகினார், அமுக்கினார், தட்டினார். வண்டி ஓடினால் கொஞ்சம் குளிர்ந்தது. நின்றால் வெக்கை. மறுபடி ஓடினால் மறுபடி லேசாகக் குளிர்ந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. ஏசிக்காரர் வீட்டு ஏசியை வேறொருவன் வந்து பார்த்தான் என்றால் சாயங்காலத்துக்குள் அது குளத்தூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே வாசலில் நிறுத்தி, ஊர் பார்க்கப் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி உள்ளே பார்த்தார். ஆள் கூடியது.

"என்னண்ணே ஏசியா?" என்றான் நாகராசு.

"சர்வீஸு. நாமளே பாத்துக்கிட்டா நல்லதுன்னு."

"சுண்டெலி ஒயரக் கடிச்சிருக்கும்ணே."

"கேஸு எறங்கிருக்கும்டா. அண்ணன்தான் எப்பவும் சொல்லுவாருல்ல," என்றான் இன்னொருத்தன்.

தான் சொல்லிக் கொடுத்த வைத்தியம் தனக்கே திரும்பி வருவதைக் குணசேகரன் கேட்டுக்கொண்டு நின்றார். ஏதோ ஒரு குழாயை விரலால் சுண்டினார். சுட்டது. சுட்டதைக் காட்டிக்கொள்ளாமல் தலையை ஆட்டிவிட்டுப் பானெட்டை மூடினார். செவந்தி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"பஞ்சு ஏதாச்சும் சுத்தணும்னா சொல்லுங்க," என்றாள் மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மறுநாள் காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார். முதலில் ஒரு பெரிய கடை. சோபா போட்டிருந்தது, காபி கொடுத்தார்கள். டை கட்டிய பையன் ஒருத்தன் பானெட்டைத் திறக்காமலே, கம்ப்ரசர் உட்பட எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று தட்டச்சடித்துக் கொடுத்தான். அந்தத் தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம் போலிருந்தது. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அப்புறம் விசாரித்து ஷர்லி கடைக்குப் போனார். ஏசி மட்டுமே பார்க்கிற கடை, காருக்கும் கட்டடத்துக்கும். சுடிதாருக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, ஊரையே வைது வேலை வாங்குகிற பெண் ஷர்லி. தெரிந்தவர் எவராவது பார்த்துவிடக் கூடாதே என்று குணசேகரன் கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றை எடுத்து மாட்டியிருந்தார்.

"பேரு சொல்லுங்கண்ணே."

"திருமுருகன்," என்றார் குணசேகரன். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அவருக்கே தெரியாது. எதிர்ச்சுவரில் முருகன் காலண்டர் தொங்கியது, அதுதான். போன் நம்பரை மட்டும் சொந்த நம்பராகவே கொடுத்து, கடை நம்பரையும் போனில் ஏற்றிக்கொண்டார்.

"ஏசியப் பத்தி ஏதாச்சும் தெரியுமா? எப்ப நிக்குது, எப்ப குளுருது?"

"எனக்கு ஏசின்னா ஒண்ணுமே தெரியாதும்மா." இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சுத்தமான உண்மை, மாஸ்க்குக்குள்ளிருந்து, இன்னொருவர் பெயரில் வந்தது.

ஷர்லி இரண்டு முள் வைத்த மீட்டரை மாட்டி எஞ்சினை ஓடவிட்டாள். ஒரு முள் ஏறிக்கொண்டே போயிற்று. "கேஸெல்லாம் நெறைய இருக்குண்ணே. எவனாச்சும் கேஸ் அடிக்கணும்னு சொன்னா நம்பாதீங்க. இந்தா, ரேடியேட்டருக்கு முன்னாடி சல்லட மாதிரி நிக்கிதுல்ல, அது பேரு கன்டென்சரு. உள்ள இருக்க சூட்ட அதுதான் வெளிய தள்ளணும். அதுக்குக் காத்து போகணும். காத்து போகல, பேனும் சுத்தல. வண்டி ஓடுறப்ப எதுத்தாப்புல அடிக்கிற காத்துல ஏதோ கொஞ்சம் குளுருது, அம்புட்டுத்தான்." குனிந்தவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "வண்டிய எது மேலயாச்சும் ஏத்துனீங்களா? வைக்கோலு, சோளத்தட்ட, உளுந்து?"

உளுந்து என்ற சொல் காதில் விழுந்ததும் குணசேகரன் காலண்டர் முருகன் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் பாருங்கள், ஏசி பழுதுக்கும் அதற்கும் ஒரு முடிச்சு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம் நாகராசு கடையில் வைத்த பிரசங்கம்தான்.

"சே சே. தார் ரோட்டத் தவிர எங்கயும் எறங்குனதில்ல," என்றார்.

"நெசமாவா?"

"நம்ம வண்டி பொம்பளப்புள்ள மாதிரிம்மா. தூசி படாது."

"பொம்பளப்புள்ள மேல எவ்வளவு தூசி படுதுன்னு எங்க கடைக்கு வந்து பாருங்க," என்றாள் ஷர்லி. "சரி, அப்படின்னா வெளிய அடைப்பில்ல. பேன் மோட்டாரு போயிருக்கணும், கன்டென்சரு உள்ளுக்குள்ள அடைச்சிருக்கணும். ரெண்டையும் மாத்துற மாதிரி வரும். எதுக்கும் முன்பக்கத்தக் கழட்டிப் பாத்துருவோமா?"

அந்த நேரம் பார்த்து எதிர்க் கடையில் நாகராசுவின் மச்சினன் சர்பத் குடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. குணசேகரன் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டார். "அப்பறம் வாரேம்மா" என்று வண்டியை எடுத்தவர் அன்னவாசல் எல்லைக்கு வந்துதான் மூச்சு விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஒரு வழிதான் இருந்தது. ஓடினால் குளிர்கிறது, நின்றால் கொதிக்கிறது. அப்படியென்றால் நிற்கக் கூடாது. கோயில் வாசல் வரை நிற்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், திரும்பும்போது தரிசனம் பார்த்த நிறைவில் வெக்கையை யார் கவனிக்கப் போகிறார்கள்? முந்தின நாள் காரை இரண்டு தடவை கழுவினார். ஏசிக்கு ஆகும் வைத்தியத்தில் அவருக்குத் தெரிந்தது அதுதான்.

உடையப்பன் பட்டுச்சட்டையில் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் அவர் மனைவி சொர்ணவல்லியும் செவந்தியும். கார் கிளம்பியது. வேகத்தில் ஏசி ஏதோ பேருக்குக் குளிர்ந்தது.

"ஆகா. இதுல்ல குளுரு," என்றார் உடையப்பன். தொழில்காரன் வண்டி என்ற எண்ணத்திலேயே அவருக்குப் பாதி குளிர்ந்துவிட்டது.

சித்தன்னவாசல் விலக்கு தாண்டியதும் உடையப்பன் லேசாக நெளிந்தார். "சம்பந்தி, கொஞ்சம் ஓரங்கட்டுங்க. எனக்குச் சக்கர இருக்குல்ல, அடிக்கடி எறங்கணும்."

"இந்தா வந்துருச்சு," என்றார் குணசேகரன், மிதியை இன்னும் அழுத்திக்கொண்டு.

"என்னது வந்துருச்சு?"

"கோயிலு."

"கோயில்ல போயா?"

"அங்க வசதி நல்லாருக்கும்."

ஒரு மாட்டு வண்டியைச் சுற்றினார், ஒரு மினிபஸ்ஸை ஒலியெழுப்பி விரட்டினார். வேகத்தடையில் கார் ஏறி விழுந்தபோது உடையப்பனிடமிருந்து ஒரு முனகல் வந்தது. "யப்பா, அந்தப் புளியமரத்துக்கிட்டயாச்சும்…" புளியமரம் பின்னால் ஓடிப் போயிற்று. பின்சீட்டில் சொர்ணவல்லி செவந்தியின் காதுக்குள், "ஒங்க வீட்டுக்காரரு எப்பவுமே இம்புட்டு அவசரமா?" என்றாள். "ஏசி வேலையில இருந்தவருல்ல," என்றாள் செவந்தி. "நின்னா உருகிப் போயிருவாரு."

நார்த்தாமலைக்கு முன்னால் பால்குடம் வந்தது. மேளம், மஞ்சள் சேலை, தலை தலையாகக் குடங்கள், ரோடு முழுக்க ஆத்தாவின் சனம். அவளுடைய ஊர்வலத்துக்கு நடுவில் ஒலியெழுப்ப எந்தச் சம்சாரிக்குத் தைரியம் வரும்? கார் நின்றது. நின்ற கொஞ்ச நேரத்தில் ஏசியின் வாயெல்லாம் அடுப்பு வாயாக ஊதத் தொடங்கின.

உடையப்பன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. கதவைத் திறந்துகொண்டு வேலிக்காத்தான் புதர்ப் பக்கம் ஓடினார். பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை உருவிச் சொர்ணவல்லி விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். அம்மனுக்கு என்று எழுதிய பத்திரிகை. குணசேகரனுக்குக் காதோரம் வேர்வை வழிந்தது.

உடையப்பன் சாவகாசமாகத் திரும்பி வந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்தவர், கண்ணாடிக்குக் கீழே வைப்பர் படுத்திருக்கிற பள்ளத்தில் எதையோ பார்த்து நின்றார். குனிந்தார். இரண்டு விரலால் ஒன்றைக் கிள்ளி எடுத்தார். பச்சையாக, விரல் நீளத்துக்கு ஒரு முளை. அங்கே அது ஒன்று மட்டும் இல்லை. தினமும் கழுவிய தண்ணீரில் ஒரு நாற்றங்காலே எழும்பி நின்றது.

"சம்பந்தி," என்றார் உடையப்பன், சன்னல் பக்கம் வந்து. "இது என்ன?"

"ஏதோ செடி போலருக்கு."

"செடிதான். என்ன செடி?"

எதிரில் நிற்பவர் விவசாயி. முளையைக் காட்டி அவரிடம் கதை விட முடியாது.

உடையப்பன் அந்த முளையை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"எத்தன மூட்ட கண்டுச்சு?"

குணசேகரன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு," என்றாள் செவந்தி பின்னாலிருந்து. "சொல்லிருங்களேன். உளுந்துதான, கஞ்சாவா?"

"நாலு," என்றார் குணசேகரன்.

"ரோட்டுலயா?"

"ரோட்டுலதான்."

"இந்த வண்டிய விட்டா?"

"இந்த வண்டிய விட்டுத்தான். ஏசியப் போட்டுக்கிட்டு."

உடையப்பன் முளையை விரல்களுக்கு நடுவில் உருட்டினார். இனி சம்பந்தம் முறிந்தது, மகள் கல்யாணம் நின்றது, மாரியம்மா என்று குணசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். உடையப்பனின் குரல் வேறு மாதிரி, உள்ளே போய் வந்தது.

"நான் கொள்ளு அடிச்சேன்."

குணசேகரன் கண்ணைத் திறந்தார்.

"போன தையில. புது வண்டி. மறுவாரம் ஏசி போச்சு. மெக்கானிக்கு கேட்டான், எது மேலயாச்சும் ஏத்துனீங்களான்னு. என் வண்டிய அப்புடியெல்லாம் ஓட்டுவேனான்னு அவனச் சத்தம் போட்டேன். சரின்னு கம்ப்ரசரு, கன்டென்சரு எல்லாத்தயும் புதுசா மாத்திப்புட்டான்." கையிலிருந்த முளையை இன்னொரு தடவை பார்த்தார். "அப்ப எனக்கும் இதானா?"

"நீங்க கொள்ளு அடிச்சீங்களா?" என்றாள் சொர்ணவல்லி உள்ளேயிருந்து. "டிராக்டருக்குன்னு என்கிட்டல்ல காசு வாங்குனீங்க?"

உடையப்பன் அந்தக் கேள்வி காதில் விழாதவராகச் சட்டைக் கையை மடக்கினார். "பானெட்டத் தொறங்க சம்பந்தி."

காரை ஓரமாகத் தள்ளி, பால்குடக்காரர்களுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டி அருகே நிறுத்தினார்கள். குணசேகரன் பானெட்டைத் தூக்கினார். இந்தத் தடவை ஊர் பார்க்க இல்லை. முன்பக்க வலைக்கும் கன்டென்சருக்கும் நடுவில் குனிந்து பார்த்தார். அங்கே கன்டென்சரே தெரியவில்லை. நெற்றுத் தோலும் சருகும் தூசியும் சேர்ந்து, கம்பளி போர்த்திய மாதிரி அப்பிக்கிடந்தது. பேனின் கழுத்தில் ஒரு உளுந்தங்கொடி கயிறு மாதிரி இறுக்கிச் சுற்றியிருந்தது. பஞ்சு சுற்றிய கைக்கு இன்னொரு சுற்றலைப் பார்த்தால் தெரியாதா?

"அடுத்து என்ன?" என்று உடையப்பன் நம்பிக்கையோடு அவர் முகத்தைப் பார்த்தார்.

அடுத்து என்ன என்று குணசேகரனுக்குத் தெரியாது. கையெல்லாம் கருப்பு. "செவந்தி," என்றார், "என் போன்ல புதுக்கோட்ட ஷர்லின்னு இருக்கும். போடு."

செவந்தி போட்டாள். போட்டவள் ஸ்பீக்கரையும் போட்டாள். அதைத் தெரியாமல் செய்தாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

"யாரு, திருமுருகன் அண்ணனா?" என்றது போன்.

உடையப்பன் குணசேகரனைப் பார்த்தார். செவந்தி வானத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. அந்த… உளுந்து விசயம்."

"அப்புடி வாங்க. கேட்டேனா இல்லயா அன்னைக்கு? தார் ரோடு, பொம்பளப்புள்ளன்னு என்னென்ன பேசுனீங்க. டாக்டருகிட்டப் போயி வயித்து வலிய மறைச்சுக்கிட்டு மண்டவலிக்கு மாத்தர கேப்பீங்களா?" திட்டி முடித்துவிட்டுத்தான் வைத்தியத்துக்கு வந்தாள். "மொதல்ல சாவிய எடுத்துப் பையில போடுங்க. இல்லன்னா பேன் திடீர்னு சுத்தி வெரலக் கொண்டு போயிரும். எஞ்சின் ஆறட்டும். கொடியெல்லாம் கத்தரிச்சு எடுங்க. அப்பறம் பல்லு வெளக்குற பிரஷ்ஷு, வாளித் தண்ணி, மெதுவா. அந்தத் தகடு அப்பளம் மாதிரி, அமுக்குனா மடங்கிரும். பேன் சிக்கி நின்னதுல பியூஸு போயிருக்கும். பியூஸ் பெட்டி மூடியிலயே மாத்துப் பியூஸு சொருகியிருப்பான், அதே நெறம், அதே நம்பரு பாத்துப் போடுங்க. கம்பியக் கிம்பியச் சுத்துனீங்க, வண்டி எரிஞ்சு போகும். ஏசின்னா ஒண்ணுமே தெரியாதுன்னீங்களே, கேட்டுச் செய்வீங்களா, இல்ல ஆள் அனுப்பவா?"

"செய்யிறேம்மா."

செவந்தி பெட்டிக்கடையில் ஒரு பிரஷ் வாங்கி வந்தாள். ஏசிக்காரர் துலக்கினார், பட்டுச்சட்டைக்காரர் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினார். உளுந்துத் தோலும் தூசியும் கூழாகக் கரைந்து ரோட்டில் ஓடின. எங்கிருந்தோ இரண்டு கோழிகள் வந்து சேர்ந்தன. பியூஸ் பெட்டியின் மூடியில் ஷர்லி சொன்னபடியே ஒன்று செருகியிருந்தது. சாவியைத் திருகினார்கள். பேன் ஒரு தடவை முக்கியது, அப்புறம் சுற்றியது. நின்ற வண்டியில், சித்திரை வெயிலில், நார்த்தாமலைக் கல்லுக்கு நடுவே, ஏசி சில்லென்று ஊதியது. செலவு ஒரு பிரஷ். பாக்கியெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்த உண்மைதான்.

இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை என்று குணசேகரனுக்குப் பட்டது. திட்டு வாங்கிய முகம் ஏற்கெனவே வெளுத்துவிட்டது. நடந்தது நடக்கட்டும் என்று வாயைத் திறந்தார்.

"சம்பந்தி, ஒரு விசயம். நான் சார்ஜாவுல ஏசி மெக்கானிக்கு இல்ல. ஏசிக் குழாய்க்கு மேல பஞ்சு சுத்துனேன். எனக்கு ஏசி வேலை தெரியாது. மண்டபத்த என்ன நம்பி விட்றாதீங்க."

உடையப்பன் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"இதான் பெரிய மனுசன்ங்கிறது," என்றார். "இம்புட்டும் கண்ணு முன்னாடி செஞ்சுபுட்டு ஒண்ணும் தெரியாதுங்கிறீங்களே. அந்தப் பொண்ணுகிட்ட வேற பேருல போயி ஒண்ணுமே தெரியாத மாதிரி நின்னுருக்கீங்க. எவன் ஏமாத்துறான், எவ நேர்மையா வேல பாக்குறான்னு ஆழம் பாத்துருக்கீங்க. நம்ம மண்டபத்துக்காகத்தான?"

"இல்லீங்க, நெசமாவே பஞ்சு…"

"பஞ்சும் சுத்தியிருப்பீங்க. எல்லா வேலையும் பாத்தவருதான தலையில உக்கார முடியும்." காரின் முதுகில் தட்டினார். "மண்டபத்து ஏசி பூரா ஒங்க பொறுப்பு. இனி நான் வேற ஆளத் தேடப் போறதில்ல."

குணசேகரன் செவந்தியைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. இத்தனை வருஷம் அவர் பொய்யைக் கட்டிக் காத்தவள், அவர் உண்மைக்கு மட்டும் சாட்சி வருவாளா? "வாங்க, நடை சாத்திருவாங்க," என்றாள்.

பத்திரிகையை வைத்துவிட்டு வந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே நாகராசு கடையில், ஏசிக்காரர் வெறும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நட்டநடு ரோட்டில் ஏசியைச் சரிபண்ணிய கதை ஓடிக்கொண்டிருந்தது. உளுந்தை அந்தக் கதையில் யாரோ உதறிவிட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் குணசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனார். மாஸ்க் இல்லாத முகத்தோடு ஷர்லி முன்னால் நின்று, சொந்தப் பெயரைச் சொன்னார்.

"மண்டபத்துக்கு ஏசி போடணும். நீங்க போட்டுக் குடுங்கம்மா. நான் கூட நின்னு கத்துக்கிறேன்."

"இந்த வயசுலயா?"

"ஊருக்குள்ள இருபது வருசமா எனக்கு ஏசி வேல தெரியும்."

ஷர்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இங்க வேல பாக்கப்போற பேரு எது, குணசேகரனா திருமுருகனா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு பழைய பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள். "உக்காருங்க. மொதல்ல இதத்தான் புடிக்கணும்."

ஊரில் செவந்தி, டவுனில் பெரிய ஆலோசனைக்கு அழைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே ஒரு கார் வந்தது. உள்ளேயிருந்து வெள்ளை வேட்டியும் தங்கக் கைக்கடிகாரமுமாக ஒருவர் இறங்கினார். நின்றால் வெக்கை, ஓடினால் லேசாகக் குளிர்கிறது என்றார். ஷர்லி கண்ணைக் காட்டினாள். குணசேகரன் எழுந்து போனார்.

"வண்டிய எது மேலயாச்சும் ஏத்துனீங்களா சார்?"

"தார் ரோட்டத் தவிர வேற எங்கயும் எறங்கல."

முன்பக்க பம்பருக்குக் கீழே ஒரு காய்ந்த எள்ளுச்செடி, வேரோடு, கடிகாரக்காரரின் செருப்பைத் தொடுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. குணசேகரன் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார். சிரிப்பு வந்தது. கூடவே அந்த மனுஷன் மேல் கொஞ்சம் பிரியமும் வந்தது. பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார்.

"எத்தன மூட்ட கண்டுச்சு?"